நாலு பேட்டரி, ஒரு வினிகர் பாட்டில்

கடந்த ஆண்டு தீபாவளிக்கு முன் சிங்கப்பூரின் தெம்பனிஸில் இருக்கும் அம்மாவின் வீட்டுக்குச் சாயம் பூச ஏற்பாடு செய்திருந்தோம். அதற்காக என் பழைய அறையின் மேசை இழுப்பறையைக் காலி செய்தபோது, தொடக்கக் கல்லூரியில் நான் பயன்படுத்திய டிஐ-84 பிளஸ் வரைபடக் கால்குலேட்டர் அடியில் கிடந்தது. எச்2 கணிதத் தேர்வு எழுதிய 2008ஆம் ஆண்டு இறுதியில் உள்ளே போட்டு வைத்ததுதான். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. பின்மூடியைத் திறந்தபோது நான்கு டிரிபிள் ஏ பேட்டரிகளில் இரண்டின் முனையில் உப்புப் பூத்ததைப் போல வெள்ளைப் பொடி படிந்திருந்தது. சுருள்வில் ஒன்று பச்சையாக மாறி, விரல் பட்டதும் முறிந்து விழுந்தது.

எனக்கு மின்னணுவியல் தொழில் அல்ல. அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் வேலைதான். ஆனாலும் பதினைந்து ஆண்டுகளாகப் கேம்பாய் என்னும் பழைய கையடக்க விளையாட்டுக் கருவிகளையும் கால்குலேட்டர்களையும் பிரித்து மூடி வருகிறேன். இந்தப் பழக்கத்துக்கு முழுப் பொறுப்பும் என் தாய்மாமாவைச் சேரும். சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு வானொலி, தொலைக்காட்சி பழுதுபார்க்கும் கடையில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர் அவர். முழங்கால் வலியோடு வேலையை விட்டவர், தமக்குத் தெரிந்ததையெல்லாம் எனக்கு ஒரே வரியில் சொல்லிக் கொடுத்தார். "பாப்பா, சில்லு அவ்வளவு சீக்கிரம் சாகாது. முதல்ல மூட்டுதான் போகும், நம்மள மாதிரி." அவர் சொன்னதில் விதிவிலக்குகளை நான் பார்க்காமல் இல்லை, ஆனால் அவை மிகக் குறைவு. நான் திறந்த பொருள்களில் பெரும்பாலானவை பேட்டரி முனையிலோ, திரையின் நாடாவிலோ, செருகுவாயிலோ, அதாவது ஒன்று மற்றொன்றைத் தொடும் இடத்திலேயே பழுதாகியிருந்தன.

முதலில் அந்த வெள்ளைப் பொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் கடையில் வாங்கும் அல்கலைன் பேட்டரிக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம். பேட்டரி முழுதும் தீர்ந்து உள்ளே வாயு சேரும்போது அந்தக் காரம் அடைப்பைத் தாண்டிக் கசிகிறது. வெளிக்காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாக உறைகிறது. அதைப் பலர் அமிலம் என்று நினைத்துச் சோடா மாவைக் கரைத்துத் தடவுகிறார்கள். காரத்தின் மேல் காரத்தைத் தடவி என்ன பயன்? சமையலறையில் இருக்கும் வெள்ளை வினிகரே போதும். பஞ்சுக்குச்சியில் இரண்டு சொட்டு எடுத்துத் தொட்டால் பொடி நுரைத்துக் கரையும். நுரை நின்றால் காரம் தீர்ந்தது என்று பொருள். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. வெறும் விரலால் தொட்டால் சோப்பைத் தொட்டதைப் போல வழுக்கும். அந்த வழுவழுப்பு நம் தோலே கரைவதால் வருவது.

அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் என் முதல் கேம்பாயைக் கெடுத்தேன். வினிகரைத் தாராளமாக ஊற்றித் துடைத்துவிட்டு அப்படியே மூடி வைத்தேன். ஆண்டு முழுதும் சராசரி ஈரப்பதம் எண்பது விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் ஊரில் ஈரம் தானாக உலர்ந்துவிடும் என்று எதிர்பார்த்தது என் அறியாமை. பத்து நாள் கழித்துத் திறந்தபோது, காரத்திடமிருந்து தப்பிய செம்புத் தடங்களில் வினிகர் புகுந்து பச்சை பிடித்திருந்தது. இப்போதெல்லாம் வினிகருக்குப் பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால் ஒரு முறையும், 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் இரண்டு முறையும் துடைத்து, மின்விசிறிக்கு முன் ஓர் இரவு வைத்த பிறகே மூடுகிறேன். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் மீதி பெரும்பாலும் தண்ணீர். கைக்கு அது சரி, சர்க்கியூட் போர்டுக்குச் சரிவராது.

முறிந்த சுருள்வில்லுக்கு மாற்று தேடி ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவருக்குப் போனேன். வெளியூர் நண்பர்கள் ரோச்சோரில் இருக்கும் சிம் லிம் ஸ்குவேரோடு இதைக் குழப்பிக்கொள்வதுண்டு. அங்கே கணினியும் கைப்பேசியும் விற்கிறார்கள். மின்தடை, கெபாசிட்டர், சுவிட்சு, ஒயர் எல்லாம் டவரில்தான். தரைத்தளத்துக் கடைகளில் சிறிய பிளாஸ்டிக் இழுப்பறைகள் கூரை வரை அடுக்கியிருக்கும். நான் வழக்கமாகப் போகும் கடையின் சீன அங்கிள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முறிந்த வில்லை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல், மூன்றாம் வரிசையில் ஓர் இழுப்பறையைத் திறந்தார். அரை நிமிடமும் ஆகவில்லை. ஒரு வெள்ளிக்கு ஒரு பிடி கொடுத்தார். இணையத்தில் தேடியிருந்தால் அளவு பொருந்துமா என்று மூன்று நாள் யோசித்துக்கொண்டு இருந்திருப்பேன். அங்கே போகும்போது பழுதான பாகத்தையே கையில் எடுத்துச் செல்லுங்கள். படத்தைக் காட்டினால் அங்கிளுக்குக் கோபம் வரும்.

புது வில்லைச் சால்டர் செய்து ஒட்டியதும் கால்குலேட்டர் உயிர் பெற்றது என்று எழுத ஆசைதான். ஆனால் திரை வெறுமையாகவே இருந்தது. மல்டிமீட்டரில் ஆறு வோல்ட் சரியாகக் காட்டியது. அரை மணி நேரம் தடங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த பிறகுதான், கல்லூரியில் வாரத்துக்கு இரண்டு முறை செய்த ஒரு செயல் நினைவுக்கு வந்தது: '2nd' என்று எழுதிய விசையை அழுத்திவிட்டு மேல்நோக்கிய அம்பை அழுத்திப் பிடித்தால் திரையின் கருமை கூடும். 96க்கு 64 புள்ளிகள் கொண்ட அந்தச் சாம்பல் நிறத் திரையில் எழுத்துகள் மெல்ல எழுந்து வந்தன. பழைய பொருள் விற்கும் தளங்களில் "பழுது, பாகங்களுக்கு மட்டும்" என்று பத்து வெள்ளிக்குப் போகும் இத்தகைய கால்குலேட்டர்களை நான் மூன்று வாங்கியிருக்கிறேன். ஒன்றுக்குக் கருமை குறைந்திருந்தது, அவ்வளவுதான். இன்னொன்றில் இயங்குதளம் சிதைந்திருந்தது. ஒரு பேட்டரியைக் கழற்றி, டெல் விசையை அழுத்திக்கொண்டே திரும்பப் போட்டு, மினி யுஎஸ்பி கம்பியால் கணினியிலிருந்து இயங்குதளத்தை மறுபடி ஏற்றியதும் சரியாயிற்று. மூன்றாவதுதான் உண்மையிலேயே இறந்தது. உள்ளே இருந்த நினைவகம் காக்கும் சிறிய பொத்தான் பேட்டரி கசிந்து, தடத்தையே தின்றிருந்தது. நான்கு பேட்டரிகளையும் கழற்றி வைப்பவர்கள்கூட இந்த ஐந்தாவதை மறந்துவிடுகிறார்கள்.

கேம்பாயின் கதைக்கு வருகிறேன். அது என் அண்ணனுடையது. 1989இல் ஜப்பானில் வெளிவந்த முதல் மாதிரி, சாம்பல் நிறம், நான்கு டபுள் ஏ பேட்டரி, பின்னொளி இல்லாத பச்சைத் திரை. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர் என்பதால் அதைத் தொட எனக்கு நெடுங்காலம் அனுமதி இருந்ததில்லை. கடைசியில் அவர் கொடுத்தபோது திரையில் ஏழெட்டுச் செங்குத்துக் கோடுகள் காணாமல் போயிருந்தன. கம்பி போட்ட சன்னல் வழியே பார்ப்பதைப் போல இருந்தது.

அந்தத் திரையின் அகலம் 160 புள்ளிகள். ஒவ்வொரு செங்குத்து வரிசைக்கும் ஒரு மின்தடம் வேண்டும். அத்தனை தடங்களும் கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஒட்டப்பட்ட மெல்லிய நாடா வழியாக வருகின்றன. முப்பது ஆண்டுகளில் அந்த ஒட்டு சில இடங்களில் விட்டுப்போகிறது, அவ்வளவுதான். கண்ணாடிக்கும் சில்லுக்கும் ஒரு குறையும் இல்லை. முன்பக்கத்தைத் திறந்து, கீழ் விளிம்பை மூடியிருக்கும் ரப்பர் பட்டையை விலக்கி, கேம்பாயை ஓடவிட்டபடியே, வெப்பம் குறைத்த சால்டரிங் அயர்னின் பக்கவாட்டால் நாடாவின் மேல் மெல்ல நீவினால் ஒட்டு இளகி மறுபடி பற்றிக்கொள்ளும். சட்டைக் காலருக்கு இஸ்திரி போடும் பக்குவம் இதற்குப் போதும். அயர்ன் நகர நகர, விட்டுப்போன கோடு ஒன்று மினுங்கி, மறைந்து, பிறகு நிலைத்து நிற்பதைப் பார்க்கும்போது கிடைக்கும் நிறைவை வேறு எந்தப் பழுதுபார்ப்பும் எனக்குத் தந்ததில்லை. நான் 250 பாகைக்கு மேல் வைப்பதில்லை. ஓர் இடத்தில் இரண்டு வினாடிக்கு மேல் நிற்பதுமில்லை. ஒருமுறை கைப்பேசி ஒலித்ததும் தலையைத் திருப்பினேன். நாடா சுருங்கி, அதுவரை நன்றாக இருந்த கோடுகளில் பன்னிரண்டு போயின. அந்தத் திரையை இன்னும் தூக்கி எறியவில்லை.

காணாமல் போனது கிடைக்கோடு என்றால் இந்த வழி உதவாது. அவற்றின் தடங்கள் திரையின் பக்கவாட்டில் இருக்கின்றன, அங்கே அயர்னைக் கொண்டுபோவது அவ்வளவு எளிதல்ல. திரை முற்றிலும் இறந்தால் ஒளிவிடும் புதிய திரையைப் பொருத்துவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நல்ல திரையைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போடுபவர்களைக் கண்டால், பாட்டியின் அட்டிகையை உருக்கி வளையல் செய்தவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். இது என் தனிப்பட்ட கருத்து.

மின்சாரம் தொடர்பாக ஒரு எச்சரிக்கை; இதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். நம் வீடுகளில் வருவது 230 வோல்ட். ஜப்பானிலிருந்து வாங்கி வரும் ஃபேமிகாம், சூப்பர் ஃபேமிகாம் ஆகிய விளையாட்டுக் கருவிகளின் அடாப்டர்கள் 100 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டவை. முஸ்தபா கடையில் இரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும் பிளக் மாற்றி முனையின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டை மாற்றாது. என் நண்பர் ஒருவர் அப்படிச் செருகினார். அடாப்டர் தேனீக்கூடு போல ரீங்காரமிட்டது, அடுத்து எரிந்த வார்னிஷ் வாடை வந்தது, ஐந்தே வினாடியில் எல்லாம் முடிந்தது. கருவி தப்பியது, அடாப்டர் தப்பவில்லை. அந்த வகையில் அவர் நல்லகாலம் பிறந்தவர்.

வோல்ட் சரியாக இருந்தாலும் முனைகள் மாறலாம். ஃபேமிகாமின் செருகுவாயில் நடு முனை எதிர்மின். இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்களில் நடு முனை நேர்மின். சேகாவின் மெகா டிரைவ் முதல் மாதிரிக்கு நடு எதிர்மின், இரண்டாம் மாதிரிக்கு நடு நேர்மின். ஒரே பெயர், ஒரே நிறுவனம், ஆனால் தலைகீழ். ஃபேமிகாமின் மேலைநாட்டு வடிவமான என்இஎஸ் கருவியின் அடாப்டரோ நேர்மின்னோட்டமே (டிசி) தருவதில்லை, 9 வோல்ட் மாறுமின்னோட்டம் (ஏசி) தருகிறது. அதை ஃபேமிகாமில் செருகினால் உள்ளே என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க வேண்டாம். எந்த அடாப்டராக இருந்தாலும் செருகுவதற்கு முன் அடியில் அச்சடித்திருக்கும் சிறு படத்தைப் படித்து, பிறகு மல்டிமீட்டரில் முனையை அளந்து பார்ப்பது என் வழக்கம். சிறுவயதில் எங்கள் வீட்டில் இருந்தது அசல் ஃபேமிகாம் அல்ல, தைவானில் செய்த மைக்ரோ ஜீனியஸ். அந்தக் காலத்தில் நம் வட்டாரத்தில் பல வீடுகளில் அதுதான். அதன் அடாப்டர் நம் ஊர் மின்சாரத்துக்கே வந்ததால் இந்தத் தலைவலி இல்லை.

சில்லையும் மூட்டையும் தவிர வயதால் சாகும் மூன்றாவது ஒன்று உண்டு: மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர். சேகாவின் 1990ஆம் ஆண்டுக் கையடக்கக் கருவியான கேம் கியர் இதற்குப் பேர்போனது. முதலில் ஒலி குறையும், பிறகு திரை மங்கும். உள்ளே இருக்கும் குட்டிக் கெபாசிட்டர்கள் கசிந்திருக்கும்; அவற்றைக் கழற்றச் சூடேற்றும்போது மீன் வாடை அடிக்கும். அம்மா அன்று சைவம். சமையலறையிலிருந்து எழுந்து வந்து சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சன்னலைத் திறந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுவதே நல்லது; ஒன்று போனால் மற்றவையும் அதே வயதுதான்.

இனி நான் எழுதத் தயங்கிய பகுதி. கேம்பாயோடு அண்ணன் எனக்குக் கொடுத்தது போக்கிமோன் கோல்ட் அட்டை, அதாவது அந்த ஆட்டம் அடங்கிய, கருவியில் செருகும் பெட்டி. தேசிய சேவைக் காலத்தில் வார இறுதியில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சோபாவில் படுத்துக்கொண்டு அவர் ஆடியது. அந்தக் காலத்து அட்டைகளில் ஆட்டத்தின் நிலையைக் காப்பாற்றுவது ஒரு 3 வோல்ட் பொத்தான் பேட்டரி. கோல்ட் அட்டையில் அதே பேட்டரிதான் நாள், நேரம் காட்டும் கடிகாரத்தையும் ஓட்டுகிறது, ஆகவே மற்ற அட்டைகளைவிட விரைவில் தீரும். 2012இல் அட்டையைத் திறந்து அளந்தபோது 2.6 வோல்ட் இருந்தது. தீர்வதற்குள் மாற்றிவிடுவோம் என்று பழையதைக் கழற்றிப் புதியதை வைத்தேன். சால்டர் அழகாக அமைந்தது. அட்டையைச் செருகி ஓடவிட்டபோது தொடர்ந்து ஆடுவதற்கான வரி திரையில் இல்லை. புதிய ஆட்டம் என்ற வரி மட்டும் இருந்தது. பேட்டரியை எடுத்த கணத்திலேயே நினைவகம் அழிந்துவிட்டது. அதை நான் அறியாதவள் அல்ல. கையில் சூடான அயர்ன் இருந்தால் மூளை கொஞ்சம் பின்னால் போய்விடுகிறது.

அண்ணனிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. "அதுல 180 மணி நேரம் இருந்துச்சு, தெரியுமா?" என்றார். பிறகு, "சரி விடு, பேட்டரி புதுசு தானே" என்றார்.

இப்போது எந்த அட்டையைத் திறப்பதற்கு முன்னும், கணினியோடு இணைக்கும் அட்டைப் படிப்பானில் அதன் நினைவகத்தை நகலெடுத்து வைத்துக்கொள்கிறேன். பேட்டரியை மாற்றிய பின் அதைத் திரும்ப எழுதிவிடலாம். இன்னொன்று: பொத்தான் பேட்டரியின் மேல் நேராகச் சால்டர் செய்யாதீர்கள், அது சூட்டில் வெடிக்கக்கூடும், தகட்டுக் கால்கள் ஏற்கெனவே ஒட்டிவரும் வகையைக் கேட்டு வாங்குங்கள். அட்டையின் தொடுமுனைகளை வாயால் ஊதும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஊதினால் ஓடுவதைப் போலத் தோன்றுவது, அட்டையை எடுத்துத் திரும்பச் செருகும்போது முனைகள் உரசுவதால்தான். ஊதியதன் பலன் எச்சிலின் ஈரம் மட்டுமே. ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும், கறுத்த முனையென்றால் மென்மையான வெள்ளை அழிப்பான்.

பழைய பொருள் எங்கே கிடைக்கும் என்று பலர் கேட்கிறார்கள். என் பதில் பாதி நினைவுக் குறிப்பாகவே இருக்கும். சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. தார்ப்பாயில் ரிமோட்டுகளும் கைக்கடிகாரங்களும் பரப்பிய முதியவர்களிடம், ஓடுமா என்று கேட்டால் ஓடும் என்பார்கள், ஓடாவிட்டால் கொண்டுவா என்பார்கள், கொண்டுபோனால் ஆளே இருக்கமாட்டார். ஆனாலும் கையில் எடுத்து, பேட்டரி மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்து வாங்க முடிந்தது. இன்று கரோசெல் இணையச் சந்தையில் படத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. நான் எப்போதும் பேட்டரி அறையின் படத்தைக் கேட்டு வாங்குவேன். அனுப்பத் தயங்கும் விற்பனையாளரிடம் வாங்குவதில்லை. எம்ஆர்டி நிலையத்தில் நேரில் கைமாறும்போது என் பையில் நான்கு நல்ல பேட்டரிகள் இருக்கும். அவற்றைப் போட்டு ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றி, கேமரா வைக்கும் உலர்பெட்டியில் 45 விழுக்காட்டு ஈரப்பதத்தில் வைக்கிறேன். உலர்பெட்டி இல்லாதவர்களுக்கு இறுக மூடும் பிஸ்கட் டின்னும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும், பொட்டலத்தை மட்டும் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

அந்த டிஐ-84 இப்போது அண்ணன் மகனிடம் இருக்கிறது. அவன் தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டு. அவனுடைய சொந்தக் கால்குலேட்டர் வண்ணத் திரை கொண்ட புதிய மாதிரி. ஆனாலும் 15 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80 சில்லு கொண்ட என் பழையதைக் கையில் வாங்கியவன் திருப்பித் தரவில்லை. கேம்பாய்க்குள் இருப்பதும் அந்தக் குடும்பத்தின் தூரத்து உறவுதான் என்று சொன்னதும் அவனுக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. கால்குலேட்டரில் இருக்கும் 'பேசிக்' என்னும் நிரல்மொழியில் பாம்பு ஆட்டம் ஒன்றை எழுதினோம். எந்த விசை அழுத்தப்பட்டது என்று கேட்டால் கால்குலேட்டர் ஓர் எண்ணைத் தரும்: மேல் அம்புக்கு 25, கீழுக்கு 34, இடத்துக்கு 24, வலத்துக்கு 26. ஏன் இந்த எண்கள் என்று அவன் முகத்தைச் சுளித்தான். "வரிசையை எண்ணிப் பாரு" என்றேன். மேலிருந்து இரண்டாம் வரிசை, ஐந்தாம் விசை, ஆகவே 25. அவன் என்டர் விசையைத் தேடிப் பத்தாம் வரிசை, ஐந்தாம் இடம் என்று எண்ணி, 105 என்று தானே சொன்னான். பாம்பு மெதுவாகத்தான் ஊர்ந்தது. எட்டு வரி, பதினாறு எழுத்து கொண்ட திரையில் அதற்கு அந்த வேகமே போதுமானதாக இருந்தது.

அதே ஆட்டத்தைத் தன் புதிய கால்குலேட்டரிலும் தட்டெழுதி வைத்துக்கொண்டான். அங்கே திரை பத்து வரி, இருபத்தாறு எழுத்து. பாம்பு இடப்பக்க மூலையிலேயே சுற்றிச் சுற்றி வந்தது, அதைத் திருத்த அவனுக்கு மனமில்லை. தேர்வுக்கு முன் கால்குலேட்டரின் நினைவகத்தை அழித்தாக வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். முந்தின வாரம் வீட்டுக்கு வந்தவன், கணினியில் நகலெடுக்கட்டுமா என்று நான் கேட்டதற்குத் தலையை ஆட்டிவிட்டு, "வேணாம் அத்தை, எழுதிட்டேன்" என்று கணிதப் பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். பென்சிலில் நாற்பத்தொரு வரிகள். ஓரத்தில் நான்கு அம்புக்குறிகள் வரைந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் எண்ணை எழுதியிருந்தான்.